லோர்னா கேட்ட லீவு

ஜூலை 7, திங்கள்

விடிவதற்கு முன்பே மழை. கரண்ட் இல்லை. இங்கே இதற்கு 'பிரவுன் அவுட்' என்று பெயர். பெயர் வைத்தாயிற்று, அதோடு கடமை முடிந்தது என்று யாரும் அலட்டிக்கொள்வதில்லை. நின்றுபோன ஃப்ரிட்ஜுக்குள் தோசை மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, கீழ்த்தட்டில் இருந்த மீன் மேல் வழிந்திருக்கிறது. இரண்டும் போச்சு.

நாற்பது பேருக்கும் உப்புமா. நாற்பது முகமும் கோணல்.

இந்த ஊரில் கிடைக்காதவை: உளுத்தம்பருப்பு (ஊரிலிருந்து கொண்டுவந்தது தீரப்போகிறது, மனிலாவிலிருந்து வரவேண்டும், வரும் வரும் என்கிறார்கள்), கறிவேப்பிலை, பெருங்காயம், காபிப் பொடி, அமைதி. பக்கத்து வீட்டில் மைக் வைத்துப் பாடும் மெஷின். கரண்ட் வந்த மறு நொடி எனக்குத் தெரிந்துவிடும், பாட்டு கேட்கும்.

கிடைப்பவை: வினிகர். முருங்கைக்கீரை. வேலிக்கு வேலி முருங்கை மரம்தான். கீரையைப் பறித்துக்கொண்டு காயை மரத்திலேயே வற்ற விடுகிறார்கள். மந்தைவெளி மார்க்கெட்டில் இதற்கு அடித்துக்கொள்கிறோம் என்று இவர்களுக்கு யார் சொல்வது.

எல்லாம் பாபுவால். கூடப் பிறந்த தம்பி என்றால் இப்படித்தான் போல. டாக்டருக்குப் படிக்க வந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஹாஸ்டல் வைத்திருக்கிறான். "ஆறு மாசம்தான்க்கா. பசங்க நம்ம சாப்பாடு இல்லாம காஞ்சிக்கினு கீறானுங்க" என்று போனில் அழுதான். மந்தைவெளி மெஸ்ஸைத் தங்கை சரளா கையில் விட்டுவிட்டுப் பிளேன் ஏறினேன். வந்து இரண்டு மாதம். என் புத்தியை என்ன சொல்ல.

சமையலறையில் எனக்கு உதவி லோர்னா. முப்பது வயதிருக்கும். இந்த ஊர்க்காரி இல்லை, எதிரே உள்ள தீவு. வேகமான கை. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு எல்லாம் பிடித்துக்கொண்டாள். ஒரே குறை, கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். "சால்ட் போட்டியா?" என்றால் இரண்டு புருவத்தையும் தூக்குகிறாள். நம் ஊரில் அதற்கு "இன்னா?" என்று அர்த்தம். சரி, காதில் விழவில்லை என்று மறுபடி கேட்டேன். மறுபடி புருவம். மூன்றாம் முறை கத்திவிட்டேன். அப்புறம் வாயில் விட்டுப் பார்த்தால் உப்பு அளவாக இருக்கிறது! போட்டேன் என்று வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டது. மார்க்கெட். மூன்று சக்கர வண்டி, நம் ஆட்டோவின் பங்காளி. கத்தரிக்காய்க் கடை எங்கே என்று வண்டிக்காரனைக் கேட்டால் வாயைக் குவித்து உதட்டை நீட்டுகிறான்! என் வயதுக்கு மரியாதை வேண்டாம்? இறங்கி நடந்தேன். வீட்டுக்கு வந்து பாபுவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அக்கா, இங்க வழி காட்றதே உதட்டாலதான். அந்தாளு அந்தப் பக்கம்னு சொல்லிக்கீறான்." கைக்கு என்ன வந்தது இவர்களுக்கு?

கத்தரிக்காய் நீளமாகப் புடலங்காய் மாதிரி. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு கனவில்தான்.

லோர்னாவின் புருஷன் ரோடெல் வந்திருந்தான். கப்பலில் வேலை. பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். லீவு முடியப்போகிறதாம். பின்வாசல் படியில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே ஆறு தேங்காய் துருவிக் கொடுத்தான். எனக்கு ஒரு வணக்கம் மாதிரி. இவள் பக்கத்தில் நின்று பூண்டு உரித்தாள். பூண்டு வழக்கத்தைவிட மெதுவாகத்தான் உரிந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

ஜூலை 9, புதன்

வெயில். புழுக்கம். மாவு இன்று சரி, கரண்டும் சரி, தோசைக்கல் ஒட்டுகிறது. எது ஒன்று சரியானாலும் இன்னொன்று இருக்கிறது.

சரளா போன் செய்தாள். மந்தைவெளியில் தண்ணீர் லாரி வரவில்லையாம், நொச்சிக்குப்பம் மேரி மீன் கொண்டுவரும்போதெல்லாம் என்னைத்தான் விசாரிக்கிறாளாம். "எங்க உங்கக்கா, வருமா வராதான்னு கேட்டுக்கினே கீதுக்கா அது. நான் இன்னான்னு சொல்றது?" வருவேன், ஆறு மாதம் முடியட்டும் என்றேன்.

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கும்போதுதான் லோர்னா பக்கத்தில் வந்து நின்றாள். கையைப் பிசைந்துகொண்டு. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஓடுவது அரைகுறை இங்கிலீஷ். "ஆத்தே," என்றாள். இங்கே அக்காவுக்கு ஆத்தே. "சாட்டர்டே, சண்டே, ஐ கோ ஹோம்? ரோடெல் லீவிங். பார்ட்டி." தீவில் சனிக்கிழமை வழியனுப்பும் விருந்தாம். பன்றி சுடுவார்களாம், ஊரே வருமாம். ஞாயிறு விடிகாலைப் படகில் அவன் கிளம்புகிறான்.

கேட்க வேண்டுமா இதையெல்லாம்! பத்து மாதத்துக்குப் போகிறவனை வழியனுப்பாமல் வெங்காயம் நறுக்கச் சொல்வேனா? இந்தப் பக்கம் சரளா பேசிக்கொண்டே இருக்கிறாள், எண்ணெய் புகைகிறது. தாராளமாகப் போய்ட்டு வா என்று நன்றாகத் தலையை ஆட்டினேன். அவள் கொஞ்சம் நின்றாள். "ஓகே லாங், ஆத்தே" என்றாள். பரவாயில்லை, சரி என்று அர்த்தம். போனாள்.

சனி, ஞாயிறு தனியாகச் சமாளிக்க வேண்டும். பாபு ஆளைப் பிடித்துத் தரமாட்டான்.

ஜூலை 11, வெள்ளி

பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. சாப்பாட்டு மேஜையில் புத்தகம், புத்தகத்தில் சாம்பார்.

நாளைக்கும் மறுநாளைக்கும் என் ஏற்பாடு:
சனி - எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளை
ஞாயிறு - காலை பிரெட், ஜாம். மதியம் ஒரே ஒரு குழம்பு. எவனாவது பொரியல் எங்கே என்று கேட்கட்டும்.

லோர்னாவிடம் ஏஞ்சலுக்கு என்று அதிரசம் மாதிரி ஒன்று சுட்டுக் கொடுத்தேன். ஏஞ்சல் அவள் பெண், ஐந்து வயது, தீவில் பாட்டியிடம் இருக்கிறது. வாங்கிக்கொண்டாள். முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லை. வெல்லம் பிடிக்காதோ?

ஜூலை 12, சனி

காலை வழக்கம் போலப் பின்கதவு திறக்கிறது, லோர்னா நிற்கிறாள்! குடையைச் சாத்திவைத்துவிட்டு நேரே அரிசி களையப் போகிறாள்.

"இன்னாடி, போகலையா? நாட் கோயிங்?"

"நாட் கோயிங், ஆத்தே. ஓகே லாங்." சிரித்தாள் வேறு.

எரிச்சலாக வந்தது. லீவு கேட்பாளாம், நான் மண்டையை உடைத்துக்கொண்டு ஏற்பாடு செய்வேனாம், கடைசியில் போகமாட்டாளாம். இந்த ஊரில் யார் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு? பாபுவிடம் சொன்னேன். "வீட்ல எதுனா சண்டையா இருக்கும், உட்டுடுக்கா" என்றான். அதுவும் சரிதான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மதியம் அவளை உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கோபத்தைப் பெரிசு பண்ணாதே, ஆம்பிளை வெளியூர் போகும்போது சிரித்த முகமாக அனுப்ப வேண்டும் என்று அரைமணி நேரம் அறிவுரை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் இன்று நிறைய.

ஜூலை 13, ஞாயிறு

அறிவுரை வீண். இன்றும் வந்துவிட்டாள். பாட்டு இல்லை. தினம் பாத்திரம் தேய்க்கும்போது ஏதாவது முனகுவாள், அது இல்லை. விடிகாலையில் பின்வாசல் படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது கூடத் தெரியவில்லை. கத்தினேன்.

சாம்பாரில் உப்பு இரண்டு தரம். மறுபடி கத்தினேன்.

சாப்பிடக் கூப்பிட்டால் "லேட்டர், ஆத்தே". அந்த லேட்டர் வரவே இல்லை. அவள் தட்டை மூடிவைத்து, சாயங்காலம் நாய்க்குப் போட்டேன். சாப்பிடாதவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் வேறு யார் மேலும் வராது.

ஜூலை 15, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மதியம் பந்தி. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இரண்டு பையன்கள்.

"ஆன்ட்டி சுத்த மோசம்டா மச்சி. லோர்னாவை அனுப்பவே இல்ல."

"எதுக்கு?"

"புருஷனை வழியனுப்ப. முடியாதுன்ட்டாங்களாம். அழுதுக்கினே வேலை செய்யுது பாவம். இவங்க சாம்பார்தான் பெருசு இவங்களுக்கு."

கரண்டியோடு போய் நின்றேன். சொன்னது தினேஷ், மூன்றாம் வருஷம், தேனாம்பேட்டைப் பையன், இந்த ஊர் பாஷை நன்றாகப் பேசுவான். எழுந்தே நின்றுவிட்டான்.

"யார்டா அனுப்பலை? நான் எப்ப முடியாதுன்னேன்?"

"லோர்னாதான் சொல்லுச்சு, ஆன்ட்டி. கேட்டதுக்கு நோ சொன்னீங்களாம்."

"நோ சொன்னேனா! வாயையே தொறக்கலையேடா, போன்ல கீறேன். நல்லாத் தலையாட்டினேனே!"

"எப்படி ஆட்டுனீங்க?"

ஆட்டிக் காட்டினேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தோளுக்குத் தோள். ஊர் உலகத்தில் எல்லாரும் ஆட்டுகிற மாதிரி.

தினேஷ் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஆன்ட்டி, இங்க அது நோ. பக்கவாட்டுல எப்படி ஆட்டுனாலும் நோதான். ஆமான்னா மேல கீழ ஆட்டணும். இல்லன்னா புருவத்தைத் தூக்குவாங்க."

"புருவம் ஆமாவா?"

"ஆமா, ஆன்ட்டி. நானே முதல் வருஷம் வைவாவுல இப்படி ஆட்டித்தான் ஒரு பேப்பர் கோட்டை விட்டேன்."

அப்படியானால் இரண்டு மாதமாக அவள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் கேட்ட ஒன்றே ஒன்றுக்கு முடியாது என்றிருக்கிறேன். அதன் பிறகு அதிரசம் கொடுத்து, போகலையாடி என்று கேட்டு, சிரித்த முகமாக அனுப்பு என்று உட்காரவைத்துப் பாடம் வேறு! அவள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்? செருப்பால் அடித்தால் கூட இவ்வளவு வலிக்காது.

"ஏன்டா, இன்னொரு தரம் கேட்டிருக்கலாம் இல்ல அவ?"

"பெரியவங்க நோன்னா திரும்பக் கேட்க மாட்டாங்க, ஆன்ட்டி. ஓகே லாங்னு போய்டுவாங்க."

ஓகே லாங்! நாசமாய்ப் போக அந்த வார்த்தை.

தினேஷை விட்டே அவளிடம் கேட்கச் சொன்னேன். ரோடெல் இன்னும் மனிலாவில்தான். கப்பல் கம்பெனிக்காரர்கள் அங்கே ஒரு அறையில் தங்கவைத்திருக்கிறார்கள். வியாழனோ வெள்ளியோ பிளேன், வேறு தேசத்தில் நிற்கிற கப்பலுக்கு. இங்கிருந்து ராத்திரிக் கப்பல் ஏறினால் மறுநாள் போய்விடலாம்.

அப்புறம் பாபுவோடு.

"அக்கா, பரீட்சை நேரம். நீ ஒரு ஆளு இன்னா பண்ணுவ? இதுங்கோ மனிலா போச்சுன்னா அவ்ளோதான். அங்கியே எங்கனா வேலை பாத்துக்கினு இருந்துடும்."

"இருந்துட்டுப் போகட்டும்."

"பேஜாரு பண்ணாதக்கா."

"டேய் பாபு, அவ புருஷனை நான் பாக்க உடலை. நாளைக்கு நீ டிக்கெட்டு எடுக்கற. இல்லன்னா நான் மந்தைவெளிக்கு டிக்கெட்டு எடுக்கறேன். எது வேணும் சொல்லு."

எடுக்கிறேன் என்றான். வாயால்.

லோர்னாவிடம் போனேன். எனக்கு மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லை, அதுவும் இங்கிலீஷில். "மை ஹெட், மிஸ்டேக். ஐ சே யெஸ். டுமாரோ யூ கோ மனிலா. யெஸ், யெஸ், யெஸ்." தினேஷ் பக்கத்தில் நின்று அவள் பாஷையில் சொன்னான், ஆட்டியும் காட்டினான். அவள் என் தலையையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "ஓகே லாங், ஆத்தே."

ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது, அவளையா என்னையா தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

புயலாம். நேற்று எங்கே போயிருந்தது இது? கப்பல், படகு எதுவும் விடக்கூடாது என்று உத்தரவு. இங்கிருந்து பிளேனும் கிடையாது. லோர்னா காலையிலேயே பையோடு துறைமுகம் போய்விட்டாள். உத்தரவு நீங்கினால் முதல் கப்பலில் ஏறிவிடலாம் என்று.

நான் ஒருத்தி. காலை: உப்புமா. மதியம்: சாதம், பருப்பு, அப்பளம். "பொரியல் இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்ட பெண்ணைப் பார்த்த பார்வையில் அது அப்பளம் கூட வாங்காமல் போய்விட்டது. பாத்திரம் மலை. தினேஷும் இன்னொருவனும் வந்து தேய்த்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.

மதியத்துக்கு மேல் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு துறைமுகம். வண்டியில் மூன்று பக்கமும் சாரல். பெரிய தகரக் கொட்டகை, உள்ளே முந்நூறு பேராவது இருப்பார்கள். மூட்டை, குழந்தை, சேவல் கூண்டு. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை! நம் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் இவ்வளவு தாமதமானால் கண்ணாடி தப்புமா? இங்கே சீட்டாடுகிறார்கள். என் பொட்டலத்தைப் பிரித்ததும் சுற்றி உள்ளவர்கள் தங்கள் சோற்றைக் காட்டி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

லோர்னா கொஞ்சம் சாப்பிட்டாள். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கடல் தெரியவில்லை, ஒரே வெள்ளை.

கேட்காமலே பேசினாள். துண்டு துண்டாக இங்கிலீஷ், எனக்குப் புரிந்த வரை: ஒவ்வொரு தடவை ரோடெல் வரும்போதும் ஏஞ்சலுக்கு அவனை அடையாளம் தெரியாது. ஒரு வாரம் பாட்டி பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்புறம் பக்கத்தில் வரும், அப்புறம் தோளைவிட்டு இறங்காது. அந்த நேரம் பார்த்து அவன் கிளம்புவான். சனிக்கிழமை விருந்தில் அம்மா எங்கே என்று குழந்தை கேட்டதாம். ஆத்தே லீவு தரவில்லை என்று பாட்டி சொன்னாளாம்.

ஒரு தீவு முழுக்க நான் லீவு தராதவள். இருக்கட்டும், அது கூடப் பெரிதில்லை. நொச்சிக்குப்பத்தில் மேரி புருஷனும் கடலுக்குத்தான் போகிறான். போனால் மறுநாள் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டு அவளோடு சண்டை போடுவான். இவளுக்குப் பத்து மாதம் கழித்துத்தான் சண்டை கூட.

"சாரி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. அவள் என் கையை ஒரு தட்டுத் தட்டினாள். ஓகே லாங்.

ஜூலை 17, வியாழன்

காற்று குறைந்தது. மழை தூறல். பத்து மணி வாக்கில் கப்பல் விடுகிறார்கள் என்று பாபு சொன்னான். அப்பாடா என்று அரிசி போட்டேன். ஏறியிருப்பாள், நாளைக் காலை போய்ச் சேர்ந்துவிடுவாள், அவன் பிளேன் வெள்ளிக்கிழமையாகத்தான் இருக்கவேண்டும், இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சரளாவிடமும் சொன்னேன். "இன்னாக்கா நீ, ஊருக்குப் போய் இன்னொருத்தர் வீட்டு வேலையெல்லாம் இழுத்து உட்டுக்கினு" என்றாள். ஆமாம் என்றேன்.

மதியம் பந்தி முடியும் நேரம் பின்கதவு. லோர்னா. அதே பை. தலை நனைந்திருக்கிறது.

அவனை நேற்று ராத்திரியே பிளேன் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், மனிலாவில் புயல் இல்லையாம். விமான நிலையத்திலிருந்து பேசியிருக்கிறான், கொஞ்ச நேரம்தான், கூட்டிப்போகிறவர்கள் அவசரப்படுத்தினார்களாம். கப்பல் கிளம்பும்போது அவள் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஏறி என்ன செய்ய?

துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நாட் ஓகே, ஆத்தே" என்றாள்.

சத்தமாகவே சொன்னாள். அடுப்புப் பக்கம் நின்ற பாபு திரும்பிப் பார்த்தான். "டென் மன்த்ஸ். யூ டோன்ட் லுக் அட் மீ. யூ டாக் டு ஃபோன், ஷேக் ஹெட், ஃபினிஷ். ஐ வெயிட், யூ டோன்ட் லுக்." அதன் பிறகு அவள் பாஷையில், நிறுத்தாமல். ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லாம் புரிந்தது. தலை ஆட்டியது இந்த ஊரில் வேறு அர்த்தம் என்பதெல்லாம் அப்புறம். நான் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்பளம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாபு நடுவில் வாயைத் திறந்தான். "லோர்னா, அக்கா தெரியாமத்தான்..." சும்மா இருடா என்றேன். திட்டட்டும். இங்கே வந்த நாளாக யார் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறேன், என்னைத் திட்ட ஒருத்தியாவது இருக்கிறாளே. அழுகை வந்தது, அடக்கவில்லை.

முடித்துவிட்டுத் துண்டை எடுத்துத் தலை துவட்டினாள். மூலையில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தாள். தொடவில்லை.

"டுமாரோ ஐ கோ ஹோம். டு ஏஞ்சல். ஐ கம் பேக் மண்டே."

கேட்கவில்லை. சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். பாபு என் முகத்தைப் பார்த்தான்.

நாளைக்கு எல்லாருக்கும் பிரெட். ஜாம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.